கண் கூசாமல் ஹெட்லைட் வெளிச்சத்தைக் கூட்டலாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நடுத்தடுப்பு இல்லாத சாலையில் இரவில் வண்டி ஓட்டுகிற எவரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, எதிரே வரும் கார் டிம் செய்த பிறகும் கண் கூசுகிறது என்பதைத்தான். பழி, காரில் மாற்றங்கள் செய்து பார்க்கும் ஆர்வலர்கள் மேல் விழுகிறது. அதில் நியாயம் இருக்கிறது. ஹாலஜன் (இழை சூடாகி ஒளிரும் வகை) பல்புக்கென்று செய்த ஹெட்லைட்டில் எல்இடி பல்பையோ ஹெச்ஐடி (வாயுவில் மின்வில் ஒளிரும் வகை) பல்பையோ சொருகுவது தவறு, எந்தச் சமாதானமும் எடுபடாது. ஆனால் பழைய காரின் வெளிச்சம் போதவில்லை என்று உரிமையாளர் சொல்வதும் பெரும்பாலும் உண்மை. அந்தக் குறைக்கு வேறு வைத்தியம் இருக்கிறது. அது தெரியாததால்தான் பலர் பல்பு கடைக்கு ஓடுகிறார்கள்.

பல சாதாரணக் கார்களில் இருப்பது ஹெச்4 என்ற ஹாலஜன் பல்பு. 12 வோல்ட், 60/55 வாட். அதற்குள் சுமார் 5 மில்லிமீட்டர் நீளத்தில் இரண்டு இழைகள் உண்டு. பிரைட்டுக்கான இழை ரிஃப்ளெக்டரின் குவியத்தில் நிற்கும். டிம்முக்கான இழை அதற்குச் சற்று முன்னால் நிற்கும். டிம் இழைக்கு அடியில் ஒரு சிறிய உலோகக் கிண்ணம் இருக்கும். அது ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் போகாமல் மறைக்கிறது. மேல்பாதியில் பட்டுத் திரும்பும் ஒளி மட்டும் சாலையை நோக்கிக் கீழே இறங்குகிறது. எதிரே வருபவரின் கண்ணைக் காப்பாற்றுவது இந்தக் கிண்ணமும் இழை நிற்கும் இடமும்தான். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஒளி போகும் திசை மாறிவிடும்.

எல்இடி பல்பில் இழை கிடையாது. நடுவே ஒரு பலகை, அதன் இரு பக்கமும் சில்லுகள். அந்தப் பலகையின் தடிமனால் ஒளி பிறக்கும் இடம் மையத்தை விட்டு விலகுகிறது. இழை எல்லாப் பக்கமும் ஒளி வீசும். சில்லு தன் முகம் பார்த்த திசையில் மட்டும் வீசும். விளைவாகச் சாலையில் சில இடங்களில் இருட்டுத் திட்டுகள் விழுகின்றன, மேலே தேவையில்லாத இடத்தில் ஒளி சிதறுகிறது. ஹெச்ஐடியில் நிலைமை இன்னும் மோசம். அதில் ஒளிரும் மின்வில்லின் வடிவமும் பருமனும் வேறு, வெளிச்சமும் இரண்டு மூன்று மடங்கு. இருந்தும் வாங்கியவர் திருப்தியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பானெட்டுக்கு முன்னால் உள்ள பத்துப் பதினைந்து மீட்டர் தரை பளீரென்று தெரிகிறது. அந்தப் பளீரில் கண்ணின் பாப்பா சுருங்குவதால், 60 மீட்டருக்கு அப்பால் நடந்து வருபவர் முன்பைவிடக் குறைவாகத்தான் தெரிவார். மழையிலும் பனிமூட்டத்திலும் மேலே சிதறும் நீலவெள்ளை ஒளி, நீர்த்துளிகளில் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்புகிறது. முன்னால் உருண்டை லென்ஸ் வைத்த புரொஜெக்டர் வகை ஹெட்லைட்டில் உள்ளே ஒரு தகடு ஒளியை வெட்டிவிடுவதால் கூச்சம் குறையலாம். ஆனால் ஹாலஜனுக்கான புரொஜெக்டரிலும் எல்இடியின் குவியம் சரியாக அமையாது.

சரி, வெளிச்சம் எங்கே தொலைகிறது? முதலில் கண்ணாடியைப் பாருங்கள். இன்றைய ஹெட்லைட் கண்ணாடி உண்மையில் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேலே பூசிய புற ஊதாத் தடுப்புப் பூச்சு வெயிலில் உரிந்து, மஞ்சளித்து மங்கிவிடும். சுற்றிலும் பெயின்ட்டை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, தண்ணீர் விட்டுக்கொண்டே 800, 1500, 2000, 3000 என்று எண் ஏற ஏற மென்மையாகும் வாட்டர் பேப்பரால் வரிசையாகத் தேய்த்து, முந்தைய பேப்பரின் கீறல் முழுவதும் மறைந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். கடைசியில் பாலிஷ், அதற்கு மேல் புற ஊதாத் தடுப்புள்ள கிளியர் கோட். பலர் பாலிஷோடு நிறுத்திவிடுகிறார்கள். பழைய பூச்சையும் உரித்துவிட்டுப் புதிதும் பூசாமல் விட்டால், சில மாதங்களில் முன்பைவிட வேகமாக மஞ்சளிக்கும். பற்பசை தேய்ப்பது இதைவிடக் குறுகிய காலத் தீர்வு.

அடுத்தது வோல்டேஜ். அதிகம் பேர் கவனிக்காத இடமும் இதுதான். ஹாலஜன் பல்பின் ஒளி, வோல்டேஜைவிடப் பல மடங்கு வேகமாக இறங்கும். 13.2 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் 12 வோல்ட்தான் கிடைத்தால் வெளிச்சத்தில் கால் பங்குக்கு மேல் போய்விடும். பழைய கார்களில் பேட்டரியிலிருந்து ஸ்டீயரிங் பக்கத்து ஸ்விட்ச் வரை வந்து, மறுபடி முன்னால் போகும் மெல்லிய ஒயர் வழியாகத்தான் முழு மின்னோட்டமும் போகிறது. இழப்பை அளப்பது எளிது. என்ஜினை ஓடவிட்டு லைட்டைப் போடுங்கள். பிளக்கைக் கழற்றாமல், மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் இன்னொன்றைப் பிளக்கின் பின்பக்கமாகப் பல்பின் பாசிட்டிவிலும் வையுங்கள். பிறகு பேட்டரி நெகட்டிவுக்கும் பல்பின் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள். இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டைத் தாண்டினால் ஒயரிங்கில் வேலை இருக்கிறது. எர்த் பக்கம்தான் இழப்பு அதிகம் என்றால் பாடியில் எர்த் போல்ட் உட்காரும் இடத்தைச் சுரண்டி, துரு நீக்கி, இறுக்கினாலே போதும். இந்தச் செலவில்லாத வேலையைச் செய்யாமல் புது பல்பு வாங்கிப் பயனில்லை.

பாசிட்டிவ் பக்க இழப்புக்கு ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச், போட வேண்டும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, இரண்டும் 12 வோல்ட், 30 ஆம்பியர். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், ஒவ்வொரு ரிலேக்கும் தனியாக 15 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக 30ஆம் எண் முனைக்கு வரும். 87இலிருந்து பல்புகளுக்கு. பழைய ஹெட்லைட் பிளக்குகளில் ஒன்று, ரிலேயை இயக்கும் 85, 86 முனைகளுக்கு மின்சாரம் தரும், ரிலேயை இயக்குவது மட்டுமே இனி ஸ்விட்சின் வேலை. ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால், இடையில் ஒயர் உரசி பாடியில் பட்டதும் தீப்பிடிப்பதைத் தடுக்க எதுவும் இல்லை. ரிலேயை முனைகள் கீழே பார்க்கும்படி பொருத்தினால் தண்ணீர் தங்காது. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு கூடாது, கிரிம்ப் செய்து (உலோக முனையில் அழுத்திப் பிடித்து) ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போட வேண்டும். சில ஜப்பானிய வடிவமைப்புக் கார்களில் ஸ்விட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். அவற்றுக்குக் கடையில் கிடைக்கும் ரெடிமேட் ரிலே செட் அப்படியே பொருந்தாது. ஸ்விட்ச் எந்தப் பக்கம் என்று முதலில் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். லைட்டைக் கம்ப்யூட்டரே கட்டுப்படுத்தும் புதிய கார்களிலும், உத்தரவாதக் காலத்தில் உள்ள கார்களிலும் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

ரிலே போட்டுவிட்டோமே என்று 100/90 வாட் பல்புக்குத் தாவுகிறவர்களும் உண்டு. 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் என்றால் 100 வாட்டுக்கு 8.3 ஆம்பியர். மின்னோட்டம் 1.67 மடங்கு, பிளக் முனைகளில் பிறக்கும் சூடு 2.8 மடங்கு. ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டரின் அலுமினியப் பூச்சு கருகும். கருகிய பூச்சைத் திரும்பப் பெற வழியில்லை, ஹெட்லைட்டையே மாற்ற வேண்டியதுதான். நல்ல 60/55 பல்பை ஜோடியாக மாற்றுங்கள், கண்ணாடிக் குமிழை விரலால் தொடாதீர்கள். பின்பக்க ரப்பர் மூடியைச் சரியாக உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் கோக்கும்.

கடைசி வேலை குறி பார்ப்பது, அதாவது ஒளி சரியான உயரத்தில் விழும்படி ஹெட்லைட்டைத் திருத்துவது. டயர் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும், ஓட்டுநர் பக்கத்தில் ஒளியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் லெவலிங் திருகு 0இல் இருக்கட்டும். சமதரையில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தி, விளக்கின் நடுமைய உயரத்தைச் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். பல கார்களில் ஹெட்லைட் கூட்டின் மேல் 1.0% என்பதுபோல் ஓர் எண் இருக்கும். 1% என்றால் 5 மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் இறக்கம். டிம் ஒளியின் மேல் விளிம்பு, அதாவது வெட்டுக்கோடு, வலப்பக்கம் சுவரில் குறித்த உயரத்துக்கு அவ்வளவு கீழே தட்டையாகப் படிந்து, இடப்பக்கம் சற்று மேலேற வேண்டும். நாம் சாலையின் இடப்பக்கம் போவதால், ஓரத்தில் நடப்பவர் தெரிவதற்கே அந்த ஏற்றம். வெட்டுக்கோடே தெரியாமல் சுவர் முழுக்க வெள்ளையாக இருந்தால் அந்தப் பல்பு அந்த ஹெட்லைட்டுக்கு உரியதல்ல. ஸ்பிரிங் மாற்றி உயர்த்திய கார், டயர் அளவு மாற்றிய கார் எல்லாவற்றுக்கும் மறுபடி குறி பார்க்க வேண்டும். குடும்பத்தோடு டிக்கி நிறையச் சாமான் ஏற்றிப் போகும்போது பின்பக்கம் அமுங்கி ஒளி மேலே ஏறும். அதற்காகத்தான் 1, 2, 3 என்று லெவலிங் திருகு. அதைத் தொட்டே பார்க்காத உரிமையாளர்கள் ஏராளம்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106ஆம் விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்பக்கம், ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண் கூசக் கூடாது என்கிறது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. அதே ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

இல்லாதது சோதனை. சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை ஹெட்லைட்டை யாரும் அளந்து பார்ப்பதில்லை. விளக்கின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது இதற்கு மாற்றாகாது. ஸ்டிக்கர் ஒளியைக் குறைக்கும், திசையைத் திருத்தாது. ஒழுங்கான கார்களின் வெளிச்சமும் சேர்ந்து குறைந்து, அவற்றின் உரிமையாளர்களும் பல்பு கடைக்குப் போவார்கள்.

போக்குவரத்துத் துறைக்கு ஒரு வேண்டுகோள். புகைச் சான்றுக்காக எரிபொருளில் ஓடும் ஒவ்வொரு காரும் குறித்த காலத்தில் ஒரு மையத்துக்கு வந்தே ஆக வேண்டும். அங்கே ஒரு வெள்ளைச் சுவர், தரையில் 5 மீட்டர் கோடு, உயரம் குறிக்க ஓர் அளவுகோல் இருந்தால் இரண்டு நிமிடத்தில் டிம் ஒளியைப் பார்த்துவிடலாம். வெட்டுக்கோடு ஏறியிருந்தால் ஹெட்லைட்டில் உள்ள குறி பார்க்கும் திருகைத் திருப்பி இறக்கலாம். வெட்டுக்கோடே இல்லாவிட்டால் பல்பை மாற்றி வரச் சொல்லி, அதன் பிறகு சான்று தரலாம். முதலில் ஒரு மாவட்டத்தில் செய்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கார் ஆர்வலர் ஒருவர்,
கோயம்புத்தூர்.