பின்னல் சங்க ஆண்டறிக்கை: சார்ட்டோடு மல்லுக்கட்டிய ஒரு வருடம்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கையில் எத்தனை கூட்டம் நடந்தது, எதெல்லாம் தள்ளிப்போனது என்று எழுதிவிட்டு, கடைசியில் பொருளாளரின் கணக்கை ஒட்டி முடித்துவிடுவேன். இந்த முறை கணக்கை அவரே தனியாக வாசிக்கிறார். கூட்டங்கள் மாதா மாதம் ஒழுங்காக நடந்தன. ஆக எனக்கு எழுத மிச்சமிருப்பது ஒரே ஒரு விஷயம். போன பொதுக்குழுவில் கைதூக்கி நிறைவேற்றினோமே, சங்கத்தின் கூட்டு வேலைகள் எல்லாம் இனிமேல் சார்ட் (பின்னல் வடிவத்தைக் கட்டம் கட்டமாக வரைந்த தாள்) பார்த்துத்தான் என்று, அந்தத் தீர்மானம். கைதூக்கியபோது அது நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

தீர்மானம் ஏன் வந்தது என்பதை மறந்திருப்பவர்களுக்காக: அதற்கு முந்தைய வருடம் லேஸ் (பொத்தல்களால் வடிவம் காட்டும் பின்னல்) சால்வை ஒன்றை எழுத்துக் குறிப்பு பார்த்துப் பின்னினோம். நிட் 3, யார்ன் ஓவர், இரண்டைச் சேர்த்து ஒரு நிட், பர்ல் 1, மறுபடி யார்ன் ஓவர் என்று பக்கம் பக்கமாக ஓடும். (புதியவர்களுக்கு: ஊசியில் விழும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி; நிட் நம்மைப் பார்த்து வழுவழுப்பாக விழும், பர்ல் அதன் மறுபக்கம், முடிச்சு மாதிரி தெரியும்; யார்ன் ஓவர் நூலை ஊசியில் சுற்றிப் பொத்தலோடு ஒரு கண்ணி கூட்டுவது; கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்குவது குறைப்பு.) நடுவில் போன் அடித்தால் போச்சு, திரும்பி வந்து எந்த வார்த்தையில் விட்டோம் என்று தேடவேண்டும். தப்பு நடந்தாலும் எங்கே நடந்தது என்று அந்த எழுத்து சொல்லாது. சார்ட்டில் ஒரு கட்டம் ஒரு கண்ணி, கட்டங்களின் ஒரு வரி ஒரு வரிசை, கீழிருந்து மேலே போகவேண்டும், அவ்வளவுதான் என்று நான்தான் மேடையேறிப் பேசினேன். "அவ்வளவுதான்" என்று சொன்னதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் பயிற்சிக் கூட்டத்தை நடத்தியதும் நான்தான். எல்லா வரிசையையும் வலமிருந்து இடமாகப் படியுங்கள் என்று அடித்துச் சொன்னேன். எனக்கு அது எப்போதும் சரியாகவே வந்திருக்கிறது, ஏனென்றால் நான் பின்னுவதெல்லாம் சாக்ஸும் குல்லாவும். வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னும்போது துணியின் முன்பக்கமே எப்போதும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும், எல்லா வரிசையும் வலமிருந்துதான் தொடங்கும். ஆனால் நேர் ஊசியில் போய்த் திரும்பி வரும் வேலையில், பின்பக்க வரிசையை இடமிருந்து வலமாகப் படிக்கவேண்டும். இதைச் சொல்லத்தான் வரிசை எண்களை ஒரு முறை வலது ஓரத்திலும் அடுத்த முறை இடது ஓரத்திலும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். எண் எந்த ஓரத்தில் இருக்கிறதோ அங்கேதான் தொடக்கம். இத்தனை வருடம் பின்னியும் அதை நான் கவனித்ததே இல்லை.

அன்றைக்கு யாரும் மாட்டிக்கொள்ளவில்லை, அதுதான் வேடிக்கை. பயிற்சிக்குக் கொடுத்தது வைர வடிவம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அதே வைரம்தான் வரும். அடுத்த மாதம் நிட் தரையில் பர்ல் முடிச்சுகளால் ஒரு சாய்கோடு, வரிசைக்கு ஒரு முடிச்சு. எல்லோரும் பின்னி முடித்து விரித்துப் பார்த்தால் ஒரு சாய்கோட்டுக்குப் பதில் இரண்டு புள்ளிக்கோடுகள், கத்தரிக்கோலைத் திறந்து வைத்தமாதிரி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கின்றன. முன்பக்க வரிசைகள் ஒரு பக்கம் சாய, பின்பக்க வரிசைகள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. ஒருவர் மட்டும் நூல் தரமில்லை என்று சொன்னார், எனக்கு ஆதரவாகச் சொன்னாரா கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் நம்மோடு இருக்கும் இடக்கைக்கார அக்கா. "சார்ட்டைக் கட்டளை மாதிரி படிக்கிறீங்க, அது துணியோட முன்பக்கப் படம், அந்தப் படம் வர்ற மாதிரி கை என்ன செய்யணுமோ செய்ங்க" என்றார். ஒரு வருடப் பயிற்சியில் உருப்படியாகச் சொல்லப்பட்ட வாக்கியம் இது ஒன்றுதான் என்பது என் தனிப்பட்ட கருத்து. வெற்றுக் கட்டம் என்றால் அந்த இடத்தில் முன்பக்கத்திலிருந்து பார்க்க வழுவழுப்பாக இருக்கவேண்டும். முன்பக்கத்தில் நின்றால் நிட், பின்பக்கத்தில் நின்றால் பர்ல். புள்ளி போட்ட கட்டம் அதற்கு நேர் எதிர். படம் என்று புரிந்துவிட்டால் இதை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

அந்த அக்கா எழுத்துக் குறிப்பு பார்த்துப் பின்னிய காலம் முழுக்க எல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பித்தான் வந்திருக்கிறது, கேபிள் (கண்ணிகளை ஒன்றன்மேல் ஒன்று தாண்டவிட்டுக் கயிறு மாதிரி முறுக்கும் வடிவம்) வலப்பக்கம் சாயவேண்டிய இடத்தில் இடப்பக்கம் சாயும். எழுத்து கையைப் பார்த்துப் பேசுகிறது, அதுவும் வலது கையை மட்டும் பார்த்து. சார்ட்டில் அவர் முன்பக்க வரிசையை இடது ஓரத்திலிருந்து தொடங்குகிறார், கோடு வலப்பக்கம் சாய்ந்திருந்தால் தன் கைக்கு வலப்பக்கம் சாயும் குறைப்பு எதுவோ அதைப் போட்டுக்கொள்கிறார். படம் சரியாக விழுந்துவிடுகிறது.

சரி, போர்வைக்கு வருவோம். ஆளுக்கொரு சதுரம் பின்னி இணைப்பது என்று திட்டம். 40 கட்டம் அகலம், 40 கட்டம் உயரம் என்று அழகாகச் சதுரத் தாளில் வரைந்து கொடுத்தோம். வந்து சேர்ந்தவை எல்லாம் செங்கல். காரணம் எளிது, முன்னமே யோசித்திருக்கவேண்டும்: பின்னல் கண்ணி சதுரமில்லை, உயரத்தைவிட அகலம் அதிகம். நம் நூலுக்கும் ஊசிக்கும் 10 செ.மீ.க்கு 20 கண்ணி, 28 வரிசை விழுந்தது. அப்படியானால் 40 கண்ணி 20 செ.மீ. அகலம், 40 வரிசை 14 செ.மீ.யைக் கொஞ்சம் தாண்டும். சதுரம் வேண்டுமானால் 56 வரிசை வேண்டும். இரண்டாவது சுற்றில் உயரம் குறைந்த கட்டங்களாகத் தாளையே கோடு போட்டுக்கொண்டு, 5 பங்கு உயரத்துக்கு 7 பங்கு அகலம் என்று வைத்து, அதன்மேல் வரைந்தோம். தாளில் உருண்டையாகத் தெரிந்தது துணியிலும் உருண்டையாகவே வந்தது. முதல் சுற்றுச் செங்கற்களைப் பிரிக்க மனமில்லாமல் தலையணை உறையாக்கிவிட்டோம், அது போர்வையைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்களோடு நான் வாதிடப் போவதில்லை.

பெயர்ப்பலகைக்கு நேர்ந்ததையும் இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன். "பின்னல்" என்ற ஒரே வார்த்தையைப் பின்னி மாட்டலாம் என்று ஆரம்பித்தோம். நம் எழுத்துகளைக் கட்டத்தில் அடைப்பது தனி வித்தை. ப, ட மாதிரி நேர்கோட்டு எழுத்துகள் சின்ன இடத்தில் அடக்கமாக உட்கார்ந்துவிடும். சுழி உள்ளவை இடம் கேட்டுக்கொண்டே இருக்கும், னகரத்தின் சுழியைக் குறைவான கட்டங்களில் போட்டால் அடைத்துக்கொண்டு பொத்தலில்லாத கட்டியாகிவிடும். அதனால் சுழிக்குள் குறைந்தது இரண்டு கட்டமாவது காலியாக இருக்கும்படி எழுத்தின் அளவையே பெரிதாக்க வேண்டியிருந்தது. அடுத்தது புள்ளி. ஒரே ஒரு கண்ணிக்காக வேறு நிற நூலைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அந்தக் கண்ணி தளர்ந்து தொங்கும், இல்லாவிட்டால் உள்ளே இழுத்துக்கொண்டு காணாமல் போகும். கடைசியில் புள்ளிகளைப் பின்னவே இல்லை. துணி முடிந்த பிறகு தையல் ஊசியில் நூல் கோத்து, இருக்கிற கண்ணியின் மேலேயே அதே தடத்தில் ஓட்டிவிட்டோம். சார்ட்டில் புள்ளியும் ஒரு கட்டம்தான், ஆனால் அதை எப்போது போடுவது என்று படம் சொல்லாது. இன்னொன்று, பின்பக்க வரிசையில் இன்னும் பழைய பழக்கத்தில் இருந்த ஒருவருக்குப் பகரம் மட்டும் குறையில்லாமல் வந்தது. அதுவும் வைரத்தின் சாதி, இடம் வலம் ஒன்றுபோல இருக்கும். னகரம் வந்ததும் குட்டு உடைந்தது.

இரண்டு நிறக் கையுறைக்கு வந்தபோது ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளின் ஃபேர் ஐல் முறையை எடுத்துக்கொண்டோம். அங்கே எத்தனை நிறம் இருந்தாலும் ஒரு வரிசையில் இரண்டுக்கு மேல் போவதில்லை என்பது மரபு, அதனால் படிக்கவும் லகுவான சார்ட். வேலையில்லாத நூல் அந்த நேரத்தில் துணியின் பின்னால் மிதந்துகொண்டு போகும். நம் இளைய உறுப்பினர் ஒருவர் சொந்தமாக வரைந்த சார்ட்டில் ஒரே நிறம் தொடர்ந்து 11 கட்டம் இருந்தது. பார்க்க அருமை, போட்டுக்கொள்ளும்போது ஒவ்வொரு விரலும் உள்ளே தொங்கும் நூலில் மாட்டிக்கொள்ளும். ஐந்தாறு கண்ணிக்கு மேல் போனால் மிதக்கும் நூலை நடுவில் ஒரு தடவை சிக்கவைத்துக்கொள்ளவேண்டும். அதைவிட, சார்ட்டிலேயே நடுவில் மற்ற நிறத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் தீர்ந்தது. இப்போது புது சார்ட் யார் கொண்டுவந்தாலும் முதல் வேலையாக ஒரு நிறம் எத்தனை கட்டம் ஓடுகிறது என்று எண்ணிப் பார்க்கிறோம்.

அதே கையுறைச் சார்ட்டைச் சிவப்பும் பச்சையுமாக அச்சிட்டுக் கொடுத்ததில், அந்த இரண்டும் பிரித்துத் தெரியாத ஓர் உறுப்பினர் இரண்டு வாரம் எதுவும் சொல்லாமல் தவித்திருக்கிறார். இனி நிறத்தோடு ஒரு குறியும் சேர்த்தே அச்சிடுவது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

சாம்பல் கட்டம் பற்றி வந்த கேள்விகளுக்குத் தனி நோட்டே போட்டிருக்கலாம். லேஸில் ஒரு யார்ன் ஓவருக்கு ஒரு குறைப்பு என்று கணக்கு நேராக இருந்தால் கண்ணி எண்ணிக்கை மாறாது. சில வடிவங்களில், முக்கியமாக இலை வடிவங்களில், ஒரு வரிசையில் கூட்டிவிட்டு பல வரிசை தள்ளித்தான் குறைப்பார்கள். கண்ணி இல்லாத இடத்திலும் தாளில் கட்டம் இருந்தாகவேண்டுமே, அதற்குத்தான் சாம்பல். அங்கே செய்யவேண்டியது ஒன்றுமில்லை, தாண்டிப் போகவேண்டும். இதைக் கேட்ட பிறகும் ஒருவர் சாம்பலுக்கு ஒரு கண்ணியைப் பின்னாமல் ஊசி மாற்றிக்கொண்டே போய், வரிசை முடிவில் கண்ணி போதவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

ஒரு கட்டம் ஒரு கண்ணி என்று நான் சொன்னதற்கும் அடி விழுந்தது. எஸ்தோனிய சால்வைகளில் வரும் நுப் என்ற மொட்டு சார்ட்டில் ஒற்றைக் கட்டம்தான். ஆனால் அந்த ஒரே கண்ணிக்குள் 5 அல்லது 7 சுற்று எடுத்து, அடுத்த வரிசையில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பர்ல் போடவேண்டும். சுற்றுகளை இறுக்கமாக எடுத்தவர்களின் ஊசி உள்ளே நுழையவில்லை, அன்றைய கூட்டத்தில் கேட்ட வார்த்தைகளை நான் பதிவேட்டில் ஏற்றவில்லை.

லேஸ் சார்ட்டில் 1, 3, 5 என்று ஒற்றைப்படை எண்கள் மட்டும் இருந்தால் பின்பக்க வரிசைகளை அவர்கள் வரையவில்லை என்று பொருள், இல்லவே இல்லை என்று பொருளில்லை. ஓரத்தில் எங்கேயாவது பின்பக்கம் முழுக்க பர்ல் என்று ஒரு வரி எழுதியிருக்கும். அந்த வரியைத் தவறவிட்டு ஒற்றை வரிசைகளை மட்டும் அடுக்கடுக்காகப் பின்னிய மூன்று பேரின் துண்டுகளும் நசுங்கிய இலைகளோடு அலமாரியில் இருக்கின்றன, பயிற்சிக்கு வருபவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறோம்.

ஜப்பானியச் சார்ட்டுகளைப் பார்த்து முதலில் பயந்தவர்கள் இப்போது அதைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள். அந்த நாட்டில் பின்னல் குறிகளுக்கே தொழில்துறைத் தரம் வகுத்திருக்கிறார்கள், நிட் என்றால் நிற்கும் கோடு, பர்ல் என்றால் படுத்த கோடு. மொழி தெரியாமலே பின்னலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: அவற்றில் வெற்றுக் கட்டம் எப்போதும் நிட் இல்லை. கட்டத்துக்குப் பக்கத்தில் சமக்குறி போட்டு, வெற்று என்றால் எது என்று அந்தந்தச் சார்ட்டிலேயே சொல்லியிருப்பார்கள். படுத்த கோட்டுக்குச் சமம் என்று இருந்தால் வெறுமையெல்லாம் பர்ல். பொதுவாகவே குறிப்பட்டியலைப் பார்க்காமல் ஊசியைத் தொடாதீர்கள், ஒரே குறிக்கு இரண்டு வெளியீட்டாளர்கள் இரண்டு அர்த்தம் வைத்திருப்பது சகஜம்.

உபகரணங்கள். வரிசையை மறைக்கும் காகிதப் பட்டையை எல்லோரும் பின்னும் வரிசைக்குக் கீழே வைத்து, முடிந்ததையெல்லாம் மூடிவிடுகிறோம். மேலே வையுங்கள். இனி வரப்போவதைத்தான் மறைக்கவேண்டும், முடிந்த வரிசைகள் கண்ணில் படவேண்டும், அப்போதுதான் இந்தக் குறைப்பு கீழே உள்ள யார்ன் ஓவருக்கு நேர் மேலே விழுகிறதா, ஒரு கண்ணி தள்ளியா என்று ஊசியில் இருப்பதோடு ஒப்பிட முடியும். சார்ட்டின் பலனில் பாதி இதில்தான் இருக்கிறது. கூட்டவேண்டிய இடத்தில் மறந்தது இரண்டாவது வரிசையிலேயே தெரிந்துவிடும். வடிவம் ஒரு தடவை முடிந்து மறுபடி தொடங்கும் இடத்திலெல்லாம் ஒரு மார்க்கர் (ஊசியில் மாட்டும் அடையாள வளையம்) போடுங்கள், ஆனால் மூன்றைச் சேர்த்து ஒன்றாக்கும் குறைப்பு அந்த எல்லையில் வந்தால் மார்க்கரை ஒரு கண்ணி நகர்த்தவேண்டும். லேஸில் சில வரிசைக்கு ஒரு தடவை மெல்லிய பருத்தி நூலைக் கண்ணிகளுக்குள் ஓட்டி வையுங்கள், பிரிக்கவேண்டி வந்தால் அங்கே நிற்கும். மார்க்கருக்குள் அந்த நூலை விட்டுவிடாதீர்கள், அப்புறம் மார்க்கர் வெளியே வராது.

கடைசியாக ஒரு திருத்தம். நம் மூத்த உறுப்பினர் ஒருவருக்குக் கட்டங்கள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. பெரிதாக்கி நகல் எடுத்துக் கொடுத்தும் பயனில்லை. யாராவது வாசித்துக் காட்டினால் அவர் கை நம் எல்லோரையும்விட வேகமாக ஓடுகிறது. "சார்ட் பார்த்துத்தான்" என்று நாம் போட்ட தீர்மானம் அவரை வெளியே நிறுத்திவிட்டது, அதை எழுதியவன் என்ற முறையில் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. எனவே வரும் ஆண்டு முதல் ஒவ்வொரு சார்ட்டோடும் எழுத்துக் குறிப்பும் வைக்கப்படும், சார்ட்டிலிருந்து அதை எழுதியெடுக்கும் வேலையை மாறி மாறிச் செய்வோம். இதற்கான திருத்தத் தீர்மானத்தை இன்று முன்வைக்கிறேன்.

வாசித்துக் காட்டிய இளைஞர்களுக்கும், தாளில் கோடு போட்டே கை வலித்த துணைச் செயலாளருக்கும், இடக்கைக்கார அக்காவுக்கும் சங்கத்தின் நன்றி. அடுத்த கூட்டத்தில் கேபிள் சார்ட். கண்ணிகளைத் தற்காலிகமாக ஏற்றி வைக்கும் துணை ஊசியை முன்னால் பிடித்தால் இடப்பக்கம் சாயும், பின்னால் பிடித்தால் வலப்பக்கம், வரும்போது இதை மட்டும் ஒரு துண்டில் பின்னிப் பார்த்துவிட்டு வாருங்கள். இந்த முறை பாடம் நடத்துவது நான் இல்லை.

செயலாளர்