ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்

அன்புள்ள மகளுக்கு,

தையல் பிரித்தாகிவிட்டது, நன்றாக நடக்கிறேன். "ஆஸ்பத்திரி திருப்தியா இருந்ததாம்மா?" என்று போனில் கேட்டாய். "நல்லா பாத்துக்கிட்டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பாதிப் பதில்தான். நீயும் இப்போது வார்டில் நிற்கிற டாக்டர், அதனால் மீதியை எழுதுகிறேன்.

ஆபரேஷன் செய்தவர் கைராசிக்காரர், அதில் குறையே இல்லை. ஆனால் முதல் நாள் நான் வாயைத் திறந்ததுமே "சரி, சரி" என்று ஸ்கேன் படத்தின் பக்கம் திரும்பிவிட்டார். ராத்திரியில் வலி முதுகுக்கு ஏறுகிறது என்பதை நான் சொல்லவே இல்லை. 1984-இல் அமெரிக்காவில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள்: நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கே பேசிவிடுகிறாராம். பிறகு சுவிட்சர்லாந்தில் குறுக்கிடாமல் கேட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 92 நொடியில் நோயாளிகள் தாங்களாகவே முடித்துக்கொண்டார்கள். ஒன்றரை நிமிஷம்தான் கண்ணு.

இரண்டாம் நாள் ராத்திரி ஒரு நர்ஸ் வந்தாள். ஸ்டூலைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலில் தன் பெயரைச் சொன்னாள். டிரிப்ஸ் ஏறிய கையைத் திருப்பி, வீக்கம் இருக்கிறதா என்று ஒரு விரலால் தடவிப் பார்த்தாள். "அடுத்த ஊசி அரை மணியில். அதுவரை கொஞ்சம் வலிக்கும்" என்றாள். வலி குறையவில்லை, பயம் போய்விட்டது. ஸ்கேன் அறை வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தபோது இப்படி ஒருவர் வந்து காரணம் சொல்லியிருந்தால், அந்த நேரம் அவ்வளவு கனத்திருக்காது.

பெயர் சொல்வது சின்ன விஷயமாகத் தோன்றும். பிரிட்டனில் கேட் கிரேஞ்சர் என்ற டாக்டர், புற்றுநோய்க்காகத் தானே படுக்கையில் இருந்தபோதுதான் பலரும் பெயர்கூடச் சொல்லாமல் தன்னைத் தொட்டுப் பார்ப்பதைக் கவனித்தார். 2013-இல் அதற்காகவே ஓர் இயக்கம் தொடங்கினார்.

அப்புறம், வீட்டுக்கு அனுப்பும்போது "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதே. எல்லோரும் தலையாட்டுவோம். நானும் ஆட்டிவிட்டு வந்து, எது சாப்பாட்டுக்கு முன் என்று தெரியாமல் மாத்திரைகளை மேஜையில் பரப்பி வைத்து முழித்தேன். "எந்த மாத்திரையை எப்போ போடுவீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேள்.

ஒரே ஆளாய் எத்தனை கட்டில்களுக்கு ஓடுகிறாய் என்று எனக்குத் தெரியும். ஆள் போதவில்லை என்றால் மேலே எழுத்தில் கேள், தயங்காதே. நைட் டியூட்டி முடிந்து தூங்கினாயா என்பதையும் எழுது.

அம்மா