வாரண்டுக்குப் பதில் காசா?

ஆசிரியருக்கு,

'தப்பு செய்யாதவர் ஏன் பயப்பட வேண்டும்?' என்று செல்போன் கண்காணிப்பை ஆதரிப்பவர்கள் கேட்கிறார்கள். யாரையும் அழைக்காமல் சட்டைப்பையில் சும்மா கிடக்கும் போன்கூட அருகிலுள்ள செல்போன் கோபுரத்தோடு தொடர்பில்தான் இருக்கிறது. அந்தப் பதிவுகளைக் கோத்துப் பார்த்தால் ஒருவர் இரவில் எங்கே தூங்குகிறார், எந்த மருத்துவரிடம் போகிறார், எந்தப் போராட்டத்தில் நின்றார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். இதில் தப்பு எங்கே வந்தது?

அமெரிக்காவில் கார்பென்டர் வழக்கில் புலனாய்வாளர்கள் திரட்டியது ஒரே மனிதரின் 127 நாள் நடமாட்டம்; மொத்தம் 12,898 இருப்பிடப் புள்ளிகள். இப்படி எடுக்க வாரண்ட், அதாவது நீதிபதியின் அனுமதி ஆணை, வேண்டும் என்று 2018இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவும் 5-4 என்ற மயிரிழைப் பெரும்பான்மையில்! சரி, கதவைச் சாத்தியாயிற்று என்று பார்த்தால், செயலிகள் திரட்டும் இருப்பிடத் தகவலை அங்குள்ள அரசு அமைப்புகள் தகவல் விற்கும் தரகர்களிடம் காசு கொடுத்து வாங்குகின்றன. வாரண்ட் கேட்டுப் போனால்தானே நீதிபதி குறுக்குக் கேள்வி கேட்பார்?

குற்றவாளியைப் பிடிக்க இந்தத் தகவல் உதவும், மறுக்கவில்லை. ஆனால் விலைக்கு வாங்கினாலும் நீதிபதியின் அனுமதி கட்டாயமாக வேண்டும். யாருடைய பதிவை எடுத்தார்களோ அவருக்கு, விசாரணை முடிந்த பிறகாவது, அதைத் தெரிவிக்கச் சட்டம் வகை செய்ய வேண்டும்.

- வாசகர் ஒருவர்