பட்டர் பாட்டில் தளை தட்டவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அபிராமி பட்டரின் அபிராமி அந்தாதி பற்றிய சென்ற இதழ்க் கட்டுரை, இரண்டாம் பாட்டின் முதலடியில் ஆறு சீர் (அடியின் உறுப்பு) இருப்பதாகவும் அங்கே தளை (சீரும் சீரும் இணையும் முறை) தட்டுவதாகவும் சொல்கிறது. கட்டுரையாளர் அலகிட்டது (அசை பிரித்து அளந்தது) பதம் பிரித்த பாடத்தை. 'துணையும் தொழும் தெய்வமும் பெற்ற தாயும் சுருதிகளின்' என்பது பொருள் விளங்கப் படிப்பதற்கு. அலகிடச் சீர் பிரித்து எழுத வேண்டும்:

துணையுந் தொழுந்தெய் வமும்பெற்ற தாயுஞ் சுருதிகளின்

புளிமா, புளிமா, புளிமாங்காய், தேமா, கருவிளங்காய். இவை சீர்களின் வாய்பாடுகள்; நேர், நிரை என்ற அசைகள் சேர்ந்து சீராகும். ஐந்தே சீர். மாவில் முடியும் சீர் முன் நிரை, காயில் முடியும் சீர் முன் நேர். வெண்டளை (வெண்பாவுக்குரிய தளை) எங்கும் பிசகவில்லை. 'தெய்வமும்' இரண்டு சீருக்குப் பங்கானது வகையுளி (சீருக்காகச் சொல்லைப் பிரிப்பது). இந்த அந்தாதியின் யாப்பான, அடிக்கு ஐந்து சீர் கொண்ட கட்டளைக் கலித்துறையில் இது சாதாரணம்.

ஒற்று (புள்ளி எழுத்து) நீக்கி எண்ணினால் நேரில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையில் தொடங்கும் அடிக்கு 17. இதை எண் விளையாட்டு என்று கட்டுரை ஒதுக்கியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நேரசைக்கு எழுத்து ஒன்று, நிரையசைக்கு இரண்டு. முதலசையைத் தனியே வைத்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள். மாச்சீரில் மிஞ்சும் நேரும் அடுத்த சீரின் நிரையும் சேர்ந்து 3. விளச்சீரில் மிஞ்சும் நிரையும் அடுத்த நேரும் 3. மாங்காயில் மிஞ்சும் இரண்டு நேரும் அடுத்த நேரும் 3. நான்கு சீருக்கு 12, கடைசி விளங்காயில் மிஞ்சும் நிரைநேர் 3, ஆக 15. முதலசையைச் சேர்த்தால் 16 அல்லது 17. விளங்காய் நடுவில் நுழைந்தால் அந்த இடத்தில் 3 என்பது 4 ஆகிவிடும். அதனால்தான் அதற்கு ஐந்தாம் சீரில் மட்டும் இடம். தளை சரியாக இருந்தால் எண்ணிக்கை தானே வந்து நிற்கும்.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பவும் கூடாது. முதற்பாட்டின் 'தோயமென்ன' கூவிளங்காய். 'தோயம் என்ன' என்று பிரித்தாலும் எழுத்து நான்குதான்; சீரோ இரண்டாகி, மா முன் நேர் வந்துவிடும். புணர்ச்சியில் மறைந்த உகரத்தைப் பிரிக்கும்போது திரும்ப எழுதினால் எழுத்தும் ஒன்று கூடும்.

அதே பாட்டில் முதலடி முடியும் 'உணர்வுடையோர்' முன் இரண்டாமடி தொடங்கும் 'மதிக்கின்ற' வருவதால் கலித்தளை (காய் முன் நிரை) என்பது வெண்பாப் பழக்கம். இங்கே அடிக்குள் மட்டுமே தளை பார்க்க வேண்டும்.

அந்த முதற்பாட்டில் உதிக், மதிக், துதிக், விதிக் என்ற எதுகையைக் காட்டிய கட்டுரையாளர் மோனையை ஏனோ விட்டுவிட்டார். நான்கடியிலும் முதற்சீருக்கும் ஐந்தாம் சீருக்கும் மோனை உண்டு: உதிக்கின்ற–உணர்வுடையோர், மதிக்கின்ற–மலர்க்கமலை, துதிக்கின்ற–தோயமென்ன, விதிக்கின்ற–விழுத்துணையே.

இனி யாப்புக் கட்டுரை வெளியிடும்போது சீர் பிரித்த வடிவத்தையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

ஒரு தமிழாசிரியர்,
மயிலாடுதுறை