மாட்சா லாட்டே குறித்து என் மகளுக்கு

அன்பு மகளே,

உன் கடிதம் கிடைத்தது. காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக, மாட்சா என்ற ஜப்பானியப் பச்சைத் தேயிலைத் தூளைப் பாலோடு கலக்கும் மாட்சா லாட்டேயை வீட்டிலேயே தயாரித்துக் குடிக்கத் தொடங்கியிருப்பதாகவும், அதனால் உடல் இளைக்கும், தோல் பொலிவு பெறும், புற்றுநோய்கூட அண்டாது என்று தோழிகள் சொல்வதாகவும் ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருந்தாய். ஹீமோகுளோபின் குறைந்திருப்பதால் மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார் என்பதை மட்டும் கடைசியில் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டாய். இந்த இரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தேயிலையில் இருக்கும் பாலிஃபீனால்கள் என்ற சேர்மங்கள், தாவர உணவுகளிலிருந்து வரும் இரும்போடு குடலில் பிணைந்துகொண்டு, அதை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அந்த வேளை உணவிலிருந்து உடலில் சேரும் இரும்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். சாதாரணத் தேநீரில் சாற்றை மட்டும் எடுத்துக்கொண்டு இலையை வடிகட்டி விடுகிறோம். மாட்சாவிலோ இலையே தூளாகி வயிற்றுக்குள் போகிறது. போதாததற்கு நீ அதில் பாலும் சேர்க்கிறாய். பாலில் உள்ள கால்சியமும் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். ஆகவே மாத்திரையை லாட்டேயோடு விழுங்காதே. தண்ணீரோடு, அல்லது வைட்டமின் சி நிறைந்த பழச்சாற்றோடு மாத்திரையை எடுத்துக்கொண்டு, அதற்கும் லாட்டேக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடு. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் அந்தக் கோப்பை உன் கையில் இருக்க வேண்டாம். இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே.

மாலைக் கோப்பையை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்வதற்குக் காரணம் காஃபீன். ஒரு கிராம் மாட்சாவில் ஏறத்தாழ 19 முதல் 44 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கும். அப்படியானால் இரண்டு கிராம் போட்டுக் கலக்கும் ஒரு கோப்பை, சில வேளைகளில் ஒரு கோப்பை காப்பிக்கு நிகராகிவிடும். பச்சையாக இருப்பதாலேயே அது மென்மையான பானம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். குடித்த காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே பெரும்பாலோருக்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்தால் இரவு பதினொரு மணிக்கும் அதில் பாதி உன் இரத்தத்தில் இருக்கும். இரவில் தூக்கம் பிடிக்கவில்லை என்று நீ எழுதியதற்கு இதைத் தவிர வேறு காரணத்தைத் தேடுவதற்கு முன் இதைச் சரிசெய்து பார். நலமாக உள்ள பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராமும், கருவுற்ற பெண்களுக்கு 200 மில்லிகிராமும் வரம்பு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் கூறியது. கருவுற்றிருக்கும் உன் தோழியிடமும் இதைச் சொல்.

இனி உன் தோழிகள் சொல்லும் நன்மைகளுக்கு வருகிறேன். தேநீர் உடலுக்கு நல்லது என்ற நம்பிக்கை இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஐசாய் என்ற ஜப்பானியப் பௌத்தத் துறவி 1211இலேயே அதைப் பற்றி நூல் எழுதினார். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் சாதாரணப் பச்சைத் தேநீரைவிட மாட்சாவில் 137 மடங்கு ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் உண்டு என்று உன்னிடம் சொன்னார்களே, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள். 2003இல் வெளியான ஓர் ஆய்வு, அத்தகைய தடுப்பான்களுள் இ.ஜி.சி.ஜி என்ற ஒரே ஒரு சேர்மத்தின் அளவை, குறிப்பிட்ட ஒரு பச்சைத் தேயிலை வகையோடு மட்டும் ஒப்பிட்டபோது கிடைத்த எண் அது. பிற தேயிலைகளில் அதற்கு முன் பதிவாகியிருந்த மிக உயர்ந்த அளவோடு ஒப்பிட்டபோது, வேறுபாடு மூன்று மடங்கு என்ற அளவுக்குக் குறைந்ததாக அதே ஆய்வு சொல்கிறது. மூன்று மடங்கும் குறைவானதன்று. ஆயினும் ஊர் முழுவதும் பரவியது பெரிய எண்தான்.

நிழலில் வளர்வதுதான் மாட்சாவின் உண்மையான தனித்தன்மை. அறுவடைக்கு ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன்பே செடிகளின் மேல் பந்தலிட்டு வெயிலை மறைத்துவிடுகிறார்கள். வேரில் உருவாகி இலைக்கு ஏறும் தியானின் என்ற அமினோ அமிலம் வெயில் பட்டால் துவர்ப்புத் தரும் கேட்டச்சின்களாக மாறிவிடும். நிழலில் அது அப்படியே தங்கிவிடுகிறது, பச்சையமும் கூடுகிறது. பிறகு இலையை ஆவியில் அவித்து, உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி, கல் இயந்திரத்தில் அரைக்கிறார்கள். ஓர் இயந்திரம் ஒரு மணி நேரத்தில் சுமார் 40 கிராம்தான் அரைக்கும். தியானினும் காஃபீனும் சேரும்போது கவனம் சற்றுக் கூர்மையாவதைச் சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. காலையில் குடித்தால் படபடப்பின்றிச் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று நீ எழுதியதை நான் நம்புகிறேன். உடல் இளைப்பது குறித்து அப்படிச் சொல்ல மாட்டேன். ஆய்வுகளில் தெரிந்த எடைக் குறைவு மிகச் சிறியது, நீ சேர்க்கும் இனிப்பே அதை ஈடுகட்டிவிடும். கடைகளில் கிடைக்கும் இனிப்பூட்டிய கலவைத் தூள்கள் பலவற்றில் முதலில் எழுதியிருப்பதே சர்க்கரைதான். சேர்க்கப்படும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஏறத்தாழ ஆறு தேக்கரண்டிக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

தோழிகள் தரும் பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரைகளை மட்டும் தொடவே தொடாதே. நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இ.ஜி.சி.ஜி கொண்ட அத்தகைய மாத்திரைகள் கல்லீரலைப் பாதிப்பதற்கான அறிகுறிகள் தென்படுவதாக அதே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. கோப்பையில் கலக்கிக் குடிப்பது வேறு, செறிவூட்டிய சாற்றை விழுங்குவது வேறு. அதேபோல வார்ஃபரின் என்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்தை உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாட்சாவைத் தொடங்கக் கூடாது. இலையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கக்கூடும்.

கட்டி கட்டியாகவும் கசப்பாகவும் வருகிறது என்று வருந்தியிருந்தாயே, அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: தூளைச் சலிக்காமல் போடுகிறாய், கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றுகிறாய். ஒரு தேக்கரண்டி தூளை, அதாவது ஏறத்தாழ இரண்டு கிராமை, நுண்ணிய சல்லடையில் சலித்து அகன்ற கிண்ணத்தில் போட்டுக்கொள். நீரைக் கொதிக்கவைத்து, ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு இரண்டு முறை மாற்றி ஊற்று. ஒவ்வொரு மாற்றத்திலும் பத்து டிகிரி அளவில் சூடு இறங்கி, 80 டிகிரியை ஒட்டி வந்துவிடும். முதலில் ஒரு கரண்டி நீர் மட்டும் விட்டுப் பசைபோலக் குழைத்துக்கொண்டு, பிறகு 60 மில்லிலிட்டர் வரை சேர்த்துக் கடை. ஒரே மூங்கில் துண்டைச் சீவிச் செய்த சாசென் என்ற மத்து இருந்தால், அதை வட்டமாகச் சுழற்றாமல் மணிக்கட்டை மட்டும் அசைத்து முன்னும் பின்னும் விரைவாக ஓட்டு. மேலே நுண்ணிய நுரை படரும்போது நிறுத்திவிடு. சாசென் இல்லையென்றால் இறுக்கமான மூடியுள்ள புட்டியில் போட்டுக் குலுக்கினாலும் போதும், நுரை மட்டும் சற்றுக் குறையும்.

பாலை 60 டிகிரிக்கு மேல் சூடாக்காதே. 65 டிகிரிக்கு மேற்பட்ட மிகச் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. ஓட்ஸ் பாலுக்கு மாறப்போவதாக எழுதியிருந்தாய். அதைத் தயாரிக்கும்போது மாவுச்சத்து உடைந்து இயல்பாகவே சர்க்கரை உருவாகிவிடும் என்பதால், மேலும் இனிப்புச் சேர்க்காமல் குடித்துப் பார். புரதம் வேண்டுமென்றால் சோயா பால்தான் பசும்பாலுக்கு அருகில் வரும்.

தூள் வாங்கும்போது பெட்டியில் உள்ள ‘செரிமோனியல்’ (தேநீர்ச் சடங்குக்கு உரிய தரம்) என்ற சொல்லுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அதற்குச் சட்டப்படி வரையறை எதுவும் இல்லை, பால் கலக்கும் பானத்துக்குச் சற்றுக் கசப்பான தூளே பொருத்தமானது. நிறம் துலங்கும் பச்சையாக இருக்கிறதா என்று மட்டும் பார். மஞ்சளோ பழுப்போ கலந்திருந்தால் அது பழையதாகவோ ஒளியும் காற்றும் பட்டதாகவோ இருக்கும். திறந்த டப்பாவை இறுக மூடி, குளிரான இருட்டான இடத்தில் வைத்து இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடு.

காலை உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து ஒரு கோப்பையை நிதானமாகக் குடி. மாத்திரையை இரவுக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள். அடுத்த இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு, உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லி, இரண்டு எண்களையும் எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா