புதிய ஆன்டெனாவோடு அளவீட்டுத் தாளும் வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெச்சூர் வானொலி நிலையங்களுக்கென்று விற்கப்படும் புதிய ஆன்டெனாக்களில், பெட்டியைப் பிரிக்கும்போதே குறையோடு இருப்பவை பற்றித் தங்கள் இதழ் வழியாகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். ஒவ்வோர் ஆன்டெனாவையும் அனுப்புவதற்கு முன் தயாரிப்பாளர் அளந்து பார்க்க வேண்டும், அந்த அளவீடு வரிசை எண்ணோடு ஒரு தாளில் அச்சாகிப் பெட்டிக்குள்ளேயே வர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

என் நிலையத்திலும் சக ஹாம் (அமெச்சூர் வானொலி ஆர்வலர்) நண்பர்களின் நிலையங்களிலும் பார்த்த குறைகளில் பெரும்பாலானவை வடிவமைப்பின் பிழைகள் அல்ல. கனெக்டரின் நடு ஊசியில் ஈயம் சரியாக உருகிப் பிடிக்காமல் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும். அலுமினியக் குழாய்களின் வாயில் பிசிறு நீக்கப்படாததால் ஒன்றுக்குள் ஒன்று நுழையாது. துளைகள் நேர்கோட்டில் அமையாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று விளம்பரத்தில் சொல்லியிருக்கும் போல்ட்டுகள் துத்தநாகப் பூச்சு கொண்ட சாதாரண இரும்பாக இருந்து ஒரு மழைக்காலத்திலேயே துருவேறும். வடிவமைத்தவர் நன்றாகவே கணக்கிட்டிருக்கிறார். செய்து முடித்த பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

நீளத்தில் வரும் பிழையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதன் விளைவு அலைவரிசைக்கு அலைவரிசை வெகுவாக மாறுகிறது. 7 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள டைபோலில் (நடுவில் கேபிள் இணைக்கும் இரு கைக் கம்பி ஆன்டெனாவில்) 1 சென்டிமீட்டர் பிசகினால் ஒத்ததிர்வுப் புள்ளி, அதாவது ஆன்டெனா மிக நன்றாக இயங்கும் அதிர்வெண், மூன்று அல்லது நான்கு கிலோஹெர்ட்ஸ்தான் நகரும். யாரும் கவனிக்கப் போவதில்லை. அதே 1 சென்டிமீட்டர், 145 மெகாஹெர்ட்ஸுக்கான சுமார் 49 சென்டிமீட்டர் நீளமுள்ள, அலைநீளத்தில் கால் பங்கான கம்பியில் பிசகினால் ஏறக்குறைய 3 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். 144 முதல் 146 வரையுள்ள அலைவரிசையின் முழு அகலமே 2 மெகாஹெர்ட்ஸ்தான். 435 மெகாஹெர்ட்ஸில் இந்த நகர்வு 25 மெகாஹெர்ட்ஸையும் தாண்டும். வெட்டும் மேசையில் ஒரு நொடி கவனம் தவறுவதன் விலை இது.

இவையாவது வாங்கிய அன்றே தெரிந்துவிடும். உள்ளே ஒளிந்திருக்கும் குறைகள்தான் அதிகத் தொல்லை தருபவை. பல அலைவரிசை ஆன்டெனாக்களின் ட்ராப் (ஒரே ஆன்டெனா பல அலைவரிசைகளில் இயங்க, சுருளும் மின்தேக்கியும் சேர்த்துச் செய்த பகுதி) ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் சுருள் அறுந்திராவிட்டால் மல்டிமீட்டர் தொடர்ச்சி இருப்பதாகவே காட்டும். மின்தேக்கியின் மதிப்பு தவறாக இருப்பதோ, இரண்டு ட்ராப்களின் பெயர்ச்சீட்டு இடம் மாறி ஒட்டப்பட்டிருப்பதோ அதில் தெரியாது. கேபிளை ஆன்டெனாவோடு பொருத்தமாக இணைக்கும் பேலனுக்குள் பொருத்தமில்லாத ஃபெரைட் வளையம் வைக்கப்பட்டிருந்தால், குறைந்த திறனில் சோதிக்கும்போது எல்லாம் சரியாகவே தோன்றும். 100 வாட்டில் தொடர்ந்து அனுப்பும்போது வளையம் சூடேறி, அதன் காந்தப் பண்பு குறைந்து, பேச்சின் நடுவிலேயே எஸ்டபிள்யூஆர் (அனுப்பிய திறன் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் விகிதம்; 1-க்கு 1 மிகச் சிறந்தது) ஏறத் தொடங்கும். அனுப்புவதை நிறுத்தி ஆறவிட்டுப் பார்த்தால் மீண்டும் சரியாக இருக்கும். இத்தகைய குறையைக் கடைக்காரரிடம் எப்படி நிரூபிப்பது?

எஸ்டபிள்யூஆர் குறைவாக இருப்பதே நல்ல ஆன்டெனாவுக்குச் சான்று என்று நம்புவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கேபிளில் ஒரு வழியில் 3 டெசிபெல் இழப்பு, அதாவது திறனில் பாதி இழப்பு, இருந்தால், மறுமுனையில் ஆன்டெனாவே இணைக்கப்படாமல் திறந்து கிடந்தாலும், நிலையத்தில் உள்ள மீட்டர் 3-க்கு 1 என்றுதான் காட்டும். பாதி பழுதான ஆன்டெனா அங்கே இன்னும் நல்ல எண்ணையே காட்டக்கூடும். ஆகவே, ‘மீட்டரில் சரியாகத்தானே இருக்கிறது’ என்ற பதிலை ஏற்க முடியாது.

குறையைச் சொல்லி எழுதினால் தயாரிப்பாளர்களிடமிருந்து வழக்கமாக வரும் பதில், நிறுவிய இடம் சரியில்லை என்பது. அது பல நேரங்களில் உண்மையும்கூட. பக்கத்தில் உள்ள உலோகக் கம்பம், கூரைத் தகடு, தரையிலிருந்து உள்ள உயரம், கேபிளின் வெளியுறையில் ஓடும் மின்னோட்டம் ஆகிய எல்லாமே அளவீட்டை மாற்றும். இடத்தின் குற்றமா, பொருளின் குற்றமா என்று பிரித்தறிய வாங்கியவருக்கு எந்த வழியும் இல்லை என்பதே சிக்கல். நான் கேட்கும் தாள் இதைத்தான் தீர்த்து வைக்கும். இந்த வரிசை எண்ணுள்ள ஆன்டெனா, தொழிற்சாலையின் சோதனைக் கம்பத்தில், இந்த உயரத்தில், அதிர்வெண்ணுக்கு ஏற்ப எஸ்டபிள்யூஆர் மாறும் இந்த வளைகோட்டைத் தந்தது என்று எழுதியிருந்தால், அதே நிலையை ஓரளவு அமைத்துப் பார்த்து எவரும் ஒப்பிடலாம். நேனோவிஎன்ஏ போன்ற சிறிய அளவீட்டுக் கருவிகள் இன்று தனி ஆர்வலர்களின் மேசையிலேயே இருக்கின்றன. ஓர் ஆன்டெனாவை இணைத்து ஒருமுறை அளக்கச் சில நிமிடங்கள் போதும். ஆன்டெனா தயாரிப்பவர்களில் பலர் சில கைகளை மட்டுமே வைத்து நடத்தும் சிறு பட்டறைக்காரர்கள் என்பதை நான் அறிவேன். அவர்களுக்கும் இது தாங்க முடியாத சுமை அல்ல.

ஆன்டெனா கம்பத்தின் உச்சியில் நிற்கும் பொருள் என்பதையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். பட்டறையில் பிடிக்காமல் விட்ட ஒரு ஈயப் புள்ளிக்காக, பின்னர் ஒருவர் உயிரைப் பணயம் வைத்து மீண்டும் மேலே ஏறுகிறார். ஃபைபர் கிளாஸ் குழாய்க்குள் அடைக்கப்பட்ட செங்குத்து ஆன்டெனாக்களில் இது இன்னும் மோசம். காற்றில் ஆடும்போது மட்டும் உள்ளிருக்கும் இணைப்பு விட்டு விட்டுச் சேரும். அடிப்பகுதியின் வடிகால் துளை அடைபட்டிருந்தால் நீரும் தேங்கும்.

நம் பக்கத்திலும் மாற வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. குறை கண்டால் சால்டரிங் இரும்பை எடுத்து நாமே சரிசெய்துவிட்டு, தயாரிப்பாளருக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிடுகிறோம். சரிசெய்யத் தெரிவது நம் பொழுதுபோக்கின் பெருமை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் புகாரே வராத இடத்தில் தயாரிப்பாளர் எதைத் திருத்துவார்? அதே தொகுதியில் செய்த இன்னொன்று, நேற்று உரிமம் பெற்ற ஒருவரின் கைக்குப் போகிறது. எவருடைய குரலும் கேட்காதபோது, அவர் தம் அறிவையும் தாம் செய்த இணைப்பையும்தான் சந்தேகிக்கிறார். சிலர் அத்தோடு வானொலியையே விட்டுவிடுகிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. எனவே கம்பத்தில் ஏற்றுவதற்கு முன், தரையின் பாதிப்பு குறையும் அளவுக்கேனும் உயர்த்தி அளந்து, அந்த வளைகோட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுமாறும், குறை இருந்தால் அதை இணைத்து எழுதுமாறும் வாசக நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் இதழுக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்காவின் ஏஆர்ஆர்எல் அமைப்பு நடத்தும் க்யூஎஸ்டி இதழ், மதிப்புரைக்கான கருவிகளை மற்ற வாடிக்கையாளர்களைப் போலவே கடையில் வாங்கிச் சோதிக்கும் வழக்கம் கொண்டது. தயாரிப்பாளர் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஆன்டெனா அவருடைய மிகச் சிறந்த ஒன்றாக இருக்கும். வாசகர் வாங்கப்போவது அதை அல்ல. இனி வரும் ஆன்டெனா மதிப்புரைகளில் அந்த மாதிரி எவ்வாறு பெறப்பட்டது என்பதையும், அளந்த வளைகோட்டையும், லாபம் (ஆன்டெனா ஒரு திசையில் அலையைக் குவிக்கும் அளவு) டிபிஐ அலகில் (எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்டு) சொல்லப்படுகிறதா டிபிடி அலகில் (டைபோலோடு ஒப்பிட்டு) சொல்லப்படுகிறதா என்பதையும் வெளியிடுமாறு வேண்டுகிறேன். இரண்டுக்கும் 2.15 டெசிபெல் வேறுபாடு இருக்க, பல விளம்பரங்கள் அலகையே குறிப்பிடுவதில்லை. குறையுள்ள பொருள் பற்றி வாசகர் அனுப்பும் அளவீடுகளையும், அதற்குத் தயாரிப்பாளர் தரும் விளக்கத்தையும் அருகருகே அச்சிட ஒரு பக்கம் ஒதுக்க இயலுமா என்பதையும் தாங்கள் பரிசீலிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
ஓர் அமெச்சூர் வானொலி உரிமதாரர்