27ஆம் ஸ்லைடின் கடைசி வரி

மஞ்சக்குப்பம், கடலூர்
செவ்வாய் இரவு

அன்புள்ள தோழி,

நலம்தானே? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பண்ருட்டிப் பலா வந்து இறங்கிவிட்டது. எனக்கும் அவருக்கும் உயிர், மருமகளுக்கு அந்த வாசனையே ஆகாது. ஒரு பழத்தை அறுத்தால் வீட்டில் மூன்று நாளைக்கு முணுமுணுப்பு. முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. சாயங்காலம் சில்வர் பீச் வரைக்கும் நடப்பதாக உன்னிடம் பெருமை அடித்தேனே, இப்போது பாதி வழியில் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மருத்துவமனை மேனேஜ்மென்ட் முன்னால் பேசுவதற்காக நீ தயார் செய்து அனுப்பிய பிரசன்டேஷனை நேற்று ராத்திரி உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். 38 ஸ்லைடு. உனக்குக் கொடுத்திருப்பதோ 15 நிமிஷம். ஒரு ஸ்லைடுக்கு அரை நிமிஷம்கூட வராதேடி! முதலில் மருத்துவமனைக் கட்டடத்தின் படம், அப்புறம் ஒரு குறள், அப்புறம் தோலின் அடுக்குகள், படுக்கைப் புண்ணின் நிலைகள். உன் எதிரே உட்காரப்போகிறவர்களில் பாதிப் பேர் டாக்டர்கள். அவர்களுக்குத் தோலுக்கு எத்தனை அடுக்கு என்று நீ சொல்லித்தர வேண்டுமா?

27ஆம் ஸ்லைடுக்கு வந்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏழு வரி இருக்கிறது, கடைசி வரி எறும்பு ஊர்கிற மாதிரி. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தேன். உன் வார்டில் 30 கட்டில், ராத்திரிக்கு 2 சிஸ்டர். தானாகப் புரள முடியாதவர்கள் 8 பேர். அவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். ஒருவரைத் திருப்ப இரண்டு பேரும் சேர்ந்து 10 நிமிஷம். ஆக, ஒவ்வொரு 120 நிமிஷத்திலும் 80 நிமிஷம் இரண்டு பேருமே அந்த எட்டுக் கட்டிலோடு போய்விடுகிறது. மற்ற 22 பேருக்கு ஊசி, மாத்திரை, டிரிப் எல்லாம் மீதி 40 நிமிஷத்தில். நீ கேட்பது நைட் டூட்டிக்கு இன்னும் ஒரே ஒரு ஆள். இதுதானே உன் பேச்சு? இதைக் கொண்டுபோய் அடியில் புதைத்துவிட்டு, மேலே குறளை வைத்திருக்கிறாய்.

இப்படிப் புதைத்ததில் பெரிய கதை ஒன்று உண்டு. கல்பனா சாவ்லா போன கொலம்பியா விண்கலம் நினைவிருக்கிறதா? 2003 பிப்ரவரி 1ஆம் தேதி, தரை இறங்க வரும்போது சிதறியது. கிளம்பும்போதே எரிபொருள் டேங்கிலிருந்து ஒரு நுரைத் துண்டு பிய்ந்து இடது இறக்கையில் அடித்திருந்தது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே இன்ஜினியர்கள் இதை ஆராய்ந்து, அதிகாரிகளுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். அதில் ஒன்றின் தலைப்பு பயமில்லை என்கிற தோரணையில் இருந்தது. அதன் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: சோதனைக்கு எடுத்த துண்டு 3 கன அங்குலம், இங்கே கணக்கிட்டதோ 1920 கன அங்குலம். 640 மடங்கு! அந்தச் சோதனையை வைத்துத் தைரியம் சொல்லவே முடியாது என்றுதான் அர்த்தம். பிறகு விபத்தை விசாரித்த குழு, இந்த ஸ்லைடைப் படிக்கிற மேலதிகாரிக்கு இது உயிர் போகிற விஷயம் என்று உறைக்காமல் போயிருக்கலாம் என்று அறிக்கையிலேயே குறிப்பிட்டது. ஏழு பேர் செத்ததற்கு ஸ்லைடுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உன் 27ஐப் பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

நீ பேசத் தெரியாதவளும் இல்லை. அம்மா படுக்கையில் கிடந்தபோது வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அம்மாவின் குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாய். "பாரு, அழுத்தி எடுத்தா வெளுத்துட்டு அப்புறம் நிறம் திரும்பணும். வெளுக்காம அப்படியே நின்னா அங்க புண்ணு ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். நம்ம நிறத்துக்குச் சிவப்பு சட்டுனு தெரியாது, சூடா இருக்கா, கெட்டியா இருக்கான்னு தொட்டுப் பாரு" என்றாய். ஒரு நிமிஷம்கூட இருக்காது. அம்மா போகிற வரைக்கும் தினமும் தொட்டுப் பார்த்தேன். உன் 38 ஸ்லைடில் அந்தக் குதிகால் எங்கேயுமே இல்லை.

நான் மட்டும் என்ன யோக்கியம்! தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று உன் புதுச்சேரிக்கும் என் கடலூருக்கும் நடுவில் கரை ஏறியதே, அதற்கு அடுத்த வருஷம் நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்தேன். முந்திரி விவசாயிகளிடம் ஒட்டுக்கன்று நடுவதைப் பற்றிப் பேசப் போனேன். பட்டப்பகல், தகரக் கொட்டகை, நாலு பக்கமும் வெளிச்சம். திரையில் ஒன்றுமே தெரியவில்லை. பத்தாவது நிமிஷம் கரண்ட் போனது. பெரியவர் ஒருவர் எழுந்து, "எல்லாம் சரிம்மா, உழுந்த மரத்த யாரு அப்புறப்படுத்துறது? அது கெடக்குற எடத்துல எப்படிக் கன்னு நடுறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அவர்கள் மனசில் எந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. அடுத்த ஊருக்குப் போனபோது புரொஜெக்டரை வீட்டிலேயே வைத்துவிட்டேன். முதலில் மரம் அகற்றுவதற்கு யாரிடம் மனுக் கொடுப்பது என்று சொன்னேன். அப்புறம் ஒரு கன்றைக் கையில் எடுத்து, ஒட்டுக் கட்டிய இடத்தை விரலால் காட்டி, "இது மண்ணுக்கு மேலேயே இருக்கணும், சுத்தியிருக்கிற பிளாஸ்டிக்கைப் பிரிச்சிடணும், இதுக்குக் கீழ துளிர் விட்டா கிள்ளிடணும்" என்றேன். கன்று கைக்குக் கை மாறிக் கடைசி வரிசை வரைக்கும் போனது.

உனக்கு எதிரே உட்காருகிற மேனேஜ்மென்ட்டின் கேள்வி என்ன? "செலவு எவ்வளவு?" அதுதான். ஒரு ஆளுக்குச் சம்பளம் எவ்வளவு, ஒரு புண் வந்தால் எத்தனை நாள் கூடுதலாகக் கட்டில் பிடிக்கிறது என்று உன் வார்டு ரிஜிஸ்டரிலிருந்தே எடுத்துக்கொண்டு போ. எழுந்ததும் அந்த 80 நிமிஷக் கணக்கைச் சொல். வணக்கம், நன்றி, அறிமுகம் எல்லாம் ஒரே மூச்சில் முடியட்டும். முதல் இரண்டு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொள், கை நடுங்கினாலும் வாய் ஓடும். ஐந்தாறு ஸ்லைடு போதும். கடைசி வரிசைக்குத் தெரியாத எழுத்து எதற்கு?

அப்புறம் இன்னொன்று. உன் தமிழ் எழுத்தெல்லாம் பழைய பாமினி ஃபான்ட். அங்கே இருக்கிற கம்ப்யூட்டரில் அது இல்லாவிட்டால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் வரும். யூனிகோடில் மாற்று, பிடிஎஃப் ஒன்றும் பென்டிரைவில் வைத்துக்கொள். பவர்பாயின்டில் ஸ்லைடு ஓடும்போது கீபோர்டில் ஆங்கில 'B' எழுத்தை அழுத்தினால் திரை கறுத்துவிடும், தெரியுமா? குதிகாலைப் பற்றிப் பேசும்போது அதை அழுத்து. எல்லாரும் உன் முகத்தைப் பார்ப்பார்கள்.

மனசுக்குள் ஓட்டிப் பார்த்தது ஒத்திகை ஆகாது. வாய்விட்டுப் பேசு, போனில் நேரம் வை, 12 நிமிஷத்தில் முடி. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறி வருகிறேன். உன் வீட்டு மொட்டைமாடியில் பேசிக் காட்டு. நான்தான் மேனேஜ்மென்ட். நடுவில் கொட்டாவி விடுவேன், போனை நோண்டுவேன், "பட்ஜெட் இல்லையே சிஸ்டர்" என்பேன். கோபப்படக்கூடாது.

பலாச்சுளை ஒரு டப்பா எடுத்து வருகிறேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

அன்புடன்,
உன் தோழி